ஆறாவது விரலுக்குக் கீழே

ஏணியின் நாலாவது படியில் நின்றிருந்தேன். நல்ல மத்தியானம். தகரப் பலகை காய்ந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் தோசைக்கல்லின் அனல் அடித்தது. இடது கையில் பச்சை எனாமல் டப்பா, வலது கையில் பிரஷ். கீழே சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்று, ஆட்களை உதறிவிட்டு, காஞ்சிபுரம் பக்கம் போயிற்று. புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

பிறகு, பலகையின் வலது கீழ் மூலையில் இருந்த ஒரு மனிதனின் பேரை மூன்றே இழுப்பில் அழித்தேன்.

இந்தத் தொடரில் போன வாரம் எழுதிய, லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்த கதையைப் படித்துவிட்டு ஒரு நண்பர், “உங்களைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு போகிறீர்களே, கெட்டது ஒன்றும் நடக்கவே இல்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இந்த வாரம் கெட்டது.

மூலைப் பேர்

இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி கம்பெனிகளுக்கு லேபிளும் சின்னமும் வரைந்து கொடுப்பவர்களை ஃப்ரீலான்ஸ் டிசைனர் என்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே பட்டம் ‘ஆர்ட்டிஸ்ட்’. கடைப் பலகை, லாரிக் கதவு, சோப்பு உறை, கல்யாணப் பத்திரிகை, கம்பெனி லெட்டர்பேடு, எது வந்தாலும் செய்வோம். மாசச் சம்பளம் கிடையாது. மேலதிகாரியும் கிடையாது. காலையில் சட்டையை மாட்டும்போது சாயங்காலம் வேலை இருக்குமா என்று தெரியாது.

நான் யாரிடமும் போய்ப் படித்தவனில்லை. தீப்பெட்டி மேல் எழுத்து, மண்ணெண்ணெய் டின் மேல் எழுத்து, உரக் கடைக் காலண்டரில் தேதிக்கு மேலே இருக்கும் எழுத்து, இவைதான் என் பள்ளிக்கூடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சத்திரம் வரைக்கும் பஸ்ஸில் போனால் கண் கடைப் பலகைகளில்தான் இருக்கும். எந்த எழுத்துக்கு வயிறு பெருத்திருக்கிறது, எதற்குக் கால் குட்டை என்று பார்த்துக்கொண்டே போய், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பலகையை முடித்த பிறகு வலது கீழ் மூலையில், விரல் நீளத்துக்கு, எழுதியவன் தன் பேரைப் போடுவான். அதுதான் எங்கள் விசிட்டிங் கார்டு. பலகை நன்றாக இருந்தால் பார்க்கிறவன் கண் மூலைக்குப் போகும். போனால் பேர் மனசில் ஒட்டும். நாளைக்கு அவன் ஒரு கடை வைத்தால் நம்மைத் தேடுவான். எங்களுக்குக் கிடைத்த தொடர்பெல்லாம் அந்த மூலை வழியாக வந்ததுதான்.

அதனால் அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. வேறொருவன் எழுதிய பலகை வெளுத்துப்போய் உன்னைப் புதுப்பிக்கக் கூப்பிட்டால், போய்ப் புதுப்பிக்கலாம். ஆனால் அவன் பேரைத் தொடக்கூடாது. வேண்டுமானால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் உன் பேரைப் போட்டுக்கொள்ளலாம். சண்டைக்காரர்கள் கூட இதை மீறியதில்லை. அடுத்தவன் மூலைப் பேரை அழிப்பது, அவன் வீட்டு வாசலில் நின்று “அவர் இங்கே இல்லை” என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

அதைத்தான் நான் செய்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அருள்தாஸ்

அந்தப் பேருக்கு உரியவன் அருள்தாஸ். என்னைவிட ஆறேழு வயசு சின்னவன். சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. படம் ஓரளவுக்கு வரும். எழுத்து? நான் சொன்னால் பொறாமை என்பீர்கள். பொறாமைதான். ஆனாலும் சொல்கிறேன், எழுத்து வராது. அவன் எழுதிய வரி, டீ குடிக்கப் போகிற கூட்டம் மாதிரி ஒன்று முந்தி ஒன்று பிந்தி நிற்கும்.

அப்படியும் வேலை அவனிடம்தான் போயிற்று.

அவனுக்கு ஊரில் தெரியாத ஆள் கிடையாது. லாரி டிரைவரின் பெண்ணுக்கு எந்த மாசம் பிரசவம், மாவு மில்காரரின் மகன் எந்தப் பாடத்தில் ஃபெயில், எல்லாம் அவனுக்குத் தெரியும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பான். அதில் ஆட்களின் பேரும் அவர்கள் வீட்டு விசேஷங்களும் இருக்கும். பொங்கல் வந்தால் ஐம்பது அட்டைகளைக் கையாலேயே வரைந்து கடை கடையாகக் கொடுப்பான். கிறிஸ்துமஸுக்கு அதே கடைகளுக்குக் கேக். கல்யாணமோ சாவோ, முதல் ஆளாக நிற்பான். பந்தலில் நாற்காலி போடுவான். திரும்பி வரும்போது அவன் சைக்கிளில் ஒரு வேலை தொற்றிக்கொண்டு வரும்.

நான் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கன்னியப்பன் டீக்கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். கன்னியப்பன் பெரிய லாரியில் கிளீனராக இருந்து, டிரைவராகி, அதையும் விட்டுவிட்டு டீ ஆற்ற வந்தவர். வாயைத் திறந்தால் ரோட்டுப் பழமொழிதான் வரும்.

“பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு கன்னியப்பா? வாசனை தானா இழுக்காதா?” என்றேன் ஒருநாள்.

“அது பூவுக்குபா. நீ இன்னா பூவா? ஆரன் அடிக்காத லாரிக்கு எவன் வழி வுடுவான்?”

“அதுக்காக எந்நேரமும் ஆரன் அடிச்சிகினே இருக்கிறதா?”

“அடிக்கிறான் இல்ல? போய்கினே கீறான் பாரு. நீ பின்னாடி அவன் புழுதியத் துன்னுகினு கீற.”

வீட்டில் என் மனைவி சுலோச்சனா இன்னும் ஒரு படி மேலே. என் மாமன் மகள்தான், அதனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“இன்னா மாமா, மூஞ்சி ஊறுகாய்ல போட்ட மாதிரி கீது? அருளு தம்பிக்கு இன்னிக்கும் வேலை வந்துச்சா?”

“அவன் பேச்சை எடுக்காத.”

“நான் எங்க எடுத்தேன்? நீதான் தூக்கத்துலகூட எடுக்கிற. அவரு நாலு பேர்கிட்ட சிரிச்சிப் பேசறாரு. நீ வர்றவன்கிட்ட ‘இந்தக் கலரு கேக்கிறியே, உனக்குக் கண்ணு கீதா’ன்னு கேக்கிற. எவன் வருவான்?”

உண்மைதான். அதனாலேயே கோபம் வந்தது.

நானும் போய்ப் பார்த்தேன்

ஒரு தடவை அவன் வழியிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். ஒரகடம் போகிற ரோட்டில் அப்போது ஒரு புதுக் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தார்கள். கேபிள் செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. சுற்றிலும் முள்காடு, நடுவில் ராட்சசக் கொட்டகை. கேட்டுக்கு மேலே பேர், தண்ணீர் டாங்க்கில் பேர், கேபிள் சுற்றும் மர டிரம்களில் லேபிள், கம்பெனிக்கு ஒரு சின்னம், எல்லாவற்றுக்கும் ஆர்ட்டிஸ்ட் வேண்டும். அப்படி ஒரு வேலை கிடைத்தால் கடை கடையாக அலைய வேண்டாம். மெட்ராஸ் வரைக்கும் பேர் போகும்.

‘வாட்ச்மேனைத் தெரிந்தால் மேனேஜரைத் தெரிந்த மாதிரி’ என்பது அருள்தாஸின் வசனம். தலையில் எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் கேட்டுக்குப் போய், வாட்ச்மேனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

“வணக்கம்பா. வூட்ல பொண்ணு சௌக்கியமா? எத்தினியாவது படிக்குது?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாய்யா நக்கலா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல.”

அதோடு திரும்பி வந்துவிட்டேன். சிரிப்பு கூட இரவல் வாங்கினால் அளவு சரியாக இருக்காது. ரெண்டே நாளில் அதே வாட்ச்மேன் அருள்தாஸின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போவதைப் பார்த்தேன். பெண் பார்க்கப் போகிறார்களாம். அருள்தாஸ்தான் இடம் சொன்னவன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சுலோச்சனா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அது கூட இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தா, ஆறா

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர் வரிசையில், கன்னியப்பன் கடையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே, ஒரு பம்பு செட் கடை. அதன் பலகை அருள்தாஸ் செய்தது. பச்சை வயல், ஊதா நிறத்தில் கொட்டுகிற தண்ணீர், பக்கத்தில் தலைப்பாகையுடன் ஒரு விவசாயி கையை விரித்துக் காட்டுகிறார்.

அந்தக் கையில் ஆறு விரல்.

இதைக் கண்டுபிடித்தது நான்தான். டீ குடித்துக்கொண்டே ஒருநாள் எண்ணினேன். ஐந்துக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. மறுபடியும் எண்ணினேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் காதுக்குப் போய்த் திருத்திவிடுவானே. தினமும் காலையில் போய் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்வேன். ஆறும் பத்திரமாக இருக்கும். அதன் பிறகுதான் டீ இனிக்கும்.

ஆவணி மாசம். அருள்தாஸ் அவன் ஊர் ஆட்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிருந்தான். அந்த நேரம் பார்த்து பம்பு செட் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

“மேல்வெயில் பட்டு எழுத்து வெளுத்துப் போச்சுபா. அருளு இல்ல. நீ எழுத்த மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடு.”

ஏறினேன். அவனுடைய கோணல் எழுத்தையெல்லாம் பச்சையில் மூடி, சாக்பீஸ் தடவிய நூலைக் கட்டித் தட்டிக் கோடு விழவைத்து, புதிதாக எழுதினேன். மஞ்சள் எழுத்து, சிவப்பு ஷேடு. இன்றைக்கும் சொல்வேன், நல்ல எழுத்து.

படத்துப் பக்கம் வந்தபோது அந்த ஆறாவது விரல் என் மூக்குக்கு நேரே இருந்தது. பச்சை பிரஷால் ஒரு தொடு தொட்டால் போதும், போய்விடும். தொடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். இருக்கட்டும், நாலு பேர் பார்த்துச் சிரிக்கட்டும், அவன் லட்சணம் தெரியட்டும் என்று.

அப்புறம் ஒரு படி இறங்கினேன். மூலை வந்தது. ‘அருள் ஆர்ட்ஸ்’. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு ஆளும் வேறு வேலை இல்லாமல் வெறித்துப் பார்க்கிற இடம் அது. எழுத்து முழுக்க என்னுடையது, பேர் மட்டும் அவனுடையதா என்று ஒரு வேகம் வந்தது. அதன் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். பச்சை காய்ந்ததும் அதன் மேலேயே ‘ஏகாம்பரம்’ என்று எழுதினேன்.

பொறாமைக்குக் கண் இல்லை என்பார்கள். எனக்கு இருந்த பொறாமை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று விரலை விட்டுவை என்றது. இன்னொன்று பேரை மாற்று என்றது. இரண்டும் சேர்ந்தால் ஆறாவது விரல் யாருக்குச் சொந்தம் என்று இரண்டுமே யோசிக்கவில்லை.

ஜீப்பில் வந்தவர்

பத்துப் பதினைந்து நாள் கழித்து, கன்னியப்பன் கடை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. கேபிள் கம்பெனியின் அதிகாரி இறங்கினார். மெட்ராஸ்காரர். ராகவன் என்று பேர். மூக்குக்கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கறாரான முகம். பின் சீட்டிலிருந்து அருள்தாஸ் குதித்தான். வெயிலில் நடந்து கறுத்திருந்தான். அன்று காலையில்தான் ஊர் திரும்பியிருக்கிறான்.

“ண்ணா! இங்கதான் இருப்பேன்னு தெரியும். சார், நான் சொன்னேன் இல்ல, ஏகாம்பரம் அண்ணன், இவருதான்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்தார். விஷயத்தை நேராகச் சொன்னார்.

“வேளாங்கண்ணி போறதுக்கு முன்னால அருள்தாஸ் என்கிட்ட சொன்னார். ‘எனக்குப் படம் வரும் சார், எழுத்து வராது. எழுத்துன்னா ஏகாம்பரம்தான். ரெண்டு பேரையும் சேர்த்து வைச்சுக்குங்க. சந்தேகம்னா ஸ்ரீபெரும்புதூர் மருந்துக் கடை போர்டைப் பாருங்க, அது அவர் வேலை. சத்திரத்துல பம்பு செட் போர்டைப் பாருங்க, அது என் வேலை’ன்னு. நானும் போய் ரெண்டையும் பார்த்தேன்.”

வாயில் இருந்த டீ அப்படியே நின்றது. இவன் என் பேரைச் சொல்லியிருக்கிறான். நான் அவன் பேரை அழிப்பதற்கு முன்பே, என் பேர் அந்தக் கம்பெனிக்குள் போயிருக்கிறது.

“மருந்துக் கடை போர்டுல ஏகாம்பரம்னு போட்டிருக்கு. சரி. ஆனா இந்தப் போர்டுலயும் ஏகாம்பரம்னுதான் போட்டிருக்கு.”

அவர் கையை நீட்டினார். எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். அருள்தாஸும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தேவலை. ஏதாவது காரணம் இருக்கும், அண்ணன் இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “ரெண்டுமே உங்க வேலைன்னா இவர் எனக்கு எதுக்கு? அடுத்தவர் போர்டைத் தன்னுதுன்னு சொல்ற ஆளைக் கம்பெனிக்குள்ள விட முடியாது. உங்களுக்கே முழுசாத் தந்துடலாம்னு பாக்கிறேன்.”

ஒரு வார்த்தை. ‘சரிங்க சார்’ என்றால் போதும். கேட், டாங்க், டிரம், சின்னம், எல்லாம் என்னுடையது. அருள்தாஸ் பொய்யன் என்று அந்த ரோடு முழுக்கப் பேர் எடுப்பான். அவனுக்கு இருந்ததெல்லாம் அந்தப் பேர்தான். கன்னியப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நல்லவன் மாதிரி எழுத ஆசைதான். ஆனால் திறக்கவில்லை. தலை கூட லேசாக ஆட ஆரம்பித்துவிட்டது.

அப்போது அதிகாரி எழுந்துகொண்டே கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு. எழுத்து இவ்வளவு சுத்தமா இருக்கு. படத்துல அந்த ஆளுக்கு மட்டும் ஏன் ஆறு விரல் போட்டீங்க? எண்ணிப் பாக்க மாட்டீங்களா?”

“அது நான் போட்டதில்ல சார்!”

குண்டூசி குத்தின மாதிரி வந்துவிட்டது. நேர்மை ஒன்றும் இல்லை. அவன் வேலையைப் பிடுங்கிக்கொள்ள மனசு ஒப்பியது. அவன் ஆறாவது விரலை என் தலையில் ஏற்றிக்கொள்ள மட்டும் ஒப்பவில்லை.

“அப்ப யார் போட்டது?”

“அவன்.”

“பேரு உங்களுது இருக்கே?”

ஒரு லாரி கடந்து போயிற்று. அது போகும்வரை எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள்.

“பேரு… நான் அழிச்சேன் சார். அவன் பேர அழிச்சிட்டு என் பேரப் போட்டேன்.”

பெஞ்சில் இருந்த ஒரு டிரைவர், “அடப்பாவி” என்றார். சத்தமாகக் கூட இல்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேலை அருள்தாஸுக்கு. எழுத்துக்கு யாரை வைச்சுக்கிறதுன்னு அவரே முடிவு பண்ணட்டும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஏணியைப் பிடித்த கை

ஜீப் போயிற்று. அருள்தாஸ் ரோட்டைக் கடந்து பம்பு செட் கடைக்குள் போனான். ஏணியை எடுத்துவந்து பலகையில் சாத்தினான். அங்கிருந்தே கூப்பிட்டான்.

“வா ண்ணா. பிரஷ் எட்த்துகினு வா.”

“அருளு…”

“நான் எழுதினா கோணிக்கும். அழிச்சவன் நீதான? நீயே எழுது.”

எல்லோரும் பார்க்க ஏறினேன். அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். கையை எடுத்திருந்தால் கூட நியாயம்தான். எடுக்கவில்லை. என் பேரை அழித்தேன். பச்சை காய்ந்ததும் நூல் கட்டினேன். சின்னப் பிரஷை வாயில் வைத்து முனை கூட்டினேன். டர்பன்டைன் கசந்தது. எந்தக் கடைக்கும் எடுக்காத சிரத்தை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக இறக்கினேன். வேகமாக எழுதிவிட்டு ஓடலாம் என்றுதான் ஏறினேன். ஆனால் கை கேட்கவில்லை. வரி சரியாக வந்தால் கைக்கு ஒரு சுகம், யார் பேராக இருந்தால் என்ன?

“இரு அருளு, அந்த ஆறாவது விரலையும் அழிச்சுடறேன்” என்றேன். அதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

“ஐயோ, அதத் தொடாத ண்ணா!”

“தெரியுமா உனக்கு?”

“போட்ட மறுநாளே தெரியும். திருத்தலாம்னு வந்தேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எண்ணி எண்ணிச் சிரிச்சிகினு இருந்தாங்க. சிரிச்சிட்டு, எவன்டா போட்டதுன்னு கீழ மூலையப் பாக்கிறாங்க. அப்டியே வுட்டுட்டேன். அந்த விரலாலயே எனக்கு எத்தினி வேலை வந்துச்சு தெரியுமா?”

மாசக்கணக்காக ஒவ்வொரு காலையும் நான் ரகசியமாக எண்ணி மகிழ்ந்த விரல். அதுவும் அவனுக்குத்தான் உழைத்திருக்கிறது.

கேபிள் கம்பெனி எழுத்து வேலைக்கு அவன் என்னைத்தான் கூப்பிட்டான். போனேன். தண்ணீர் டாங்க்கில், ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு எழுத்து. கேட்டில் வாட்ச்மேன் எனக்கு வணக்கம் வைத்தார். அவர் கல்யாணத்துக்கும் போய்வந்தேன், பந்தலில் நாற்காலி போட்டேன். பொறாமை அதோடு போய்விட்டது என்று எழுதினால் இந்த அத்தியாயம் அழகாக முடியும். போகவில்லை. முன்பு அவனுக்கு வந்த வேலையைப் பார்த்துப் பொறாமை. பிறகு அந்த ஏணியைப் பிடித்த கையைப் பார்த்துப் பொறாமை. எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை.

அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கும்போது காஞ்சிபுரம் பஸ் ஒன்று வந்து நின்றது. ஒருவர் இறங்கி, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே அண்ணாந்து பார்த்தார். மூலையில் ஈரம் காயாமல் மின்னிக்கொண்டிருந்தது.

“அடேயப்பா, இன்னா எழுத்துபா! முத்து கோத்த மாதிரி கீது. யாரு எழுதினது?”

கன்னியப்பன் கடையிலிருந்தே சத்தமாகச் சொன்னார்.

“அதான் கீழ போட்டுகீதே. அருள் ஆர்ட்ஸ்.”